செக் இந்தப் பக்கம், கடிதம் அந்தப் பக்கம்

தொழிலாளர் வழக்கு நடத்தும் வக்கீலைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வருவார்கள். போடுவதற்கு முன்னால் வருகிறவர் அபூர்வம். அப்படி ஒருவர் வந்துவிட்டால், மற்ற கேஸ் கட்டுகளைத் தள்ளி வைத்துவிட்டு அவரிடம்தான் முதலில் பேசுவேன். கையெழுத்துப் போட்டு வந்தவருக்கு ஆண்டுக்கணக்கில் வாதாடிப் பெற்றுத்தர வேண்டியதை, இவருக்கு ஒரு மின்னஞ்சலிலேயே காப்பாற்றிக் கொடுத்துவிடலாம்.

கதை எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். மூன்று மாதமோ நான்கு மாதமோ சம்பளம் வந்திருக்காது. முதலில் "அடுத்த வாரம்" என்பார்கள். பிறகு "பார்ட்டி பேமெண்ட் வரலை" என்பார்கள். பிறகு ஒரு நாள், அநேகமாக வெள்ளி அல்லது சனிக்கிழமை சாயங்காலம், மேனேஜர் அறையிலிருந்து அழைப்பு வரும். மேசையில் ஒரு பக்கம் செக், இன்னொரு பக்கம் தட்டச்சு செய்து தயாராக வைத்த ராஜினாமாக் கடிதம். "இதுல ஒரு கையெழுத்து, அதை எடுத்துட்டுப் போங்க" என்பார் மேனேஜர், குரலில் கொஞ்சம் அனுதாபம்கூட இருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் என்பது தற்செயல் இல்லை. சங்கத்து ஆபீஸில் ஆள் இருக்கமாட்டார்கள், வக்கீல் கிடைக்கமாட்டார், வாடகை பாக்கி கேட்ட வீட்டுக்காரரை மட்டும் மறுநாள் காலையில் பார்த்தே ஆகவேண்டும்.

அந்த மேசையில் உண்மையில் நடப்பது என்ன வியாபாரம் என்பதை என் சீனியர் எனக்கு ஒரு துண்டுத்தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். இன்றைக்கும் வருகிறவர்களிடம் அதையே போட்டுக் காட்டுகிறேன். மாதம் 30,000 ரூபாய் சம்பளம், 12 வருட சர்வீஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்குறைப்பு என்று சொல்லி முறையாக வெளியே அனுப்பினால், ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரி ஊதியம் தரவேண்டும். தோராயமாக இரண்டு லட்சத்துக்கு மேல். காரணம் சரியில்லை என்றால் வழக்கு, வேலையில் திரும்பச் சேர்க்கச் சொல்லும் தீர்ப்பு, பின்சம்பளம் என்று அது நீளும். தொழிலாளி தானாக ராஜினாமா செய்துவிட்டால் இதில் ஒரு பைசா கிடையாது. அதற்கு விலையாக நிறுவனம் நீட்டுவது எது? அவர் ஏற்கெனவே உழைத்து முடித்த மூன்று மாதச் சம்பளம், 90,000 ரூபாய். அவருடைய பணத்தைக் கொடுத்தே அவருடைய உரிமையை வாங்குகிறார்கள்.

இங்கே கிராஜுவிட்டியை இழுத்துப் பயமுறுத்துகிறவர்கள் உண்டு. "ராஜினாமா பண்ணினாத்தான் கிராஜுவிட்டி கிடைக்கும், நாங்களா அனுப்பிட்டா போச்சு" என்பார்கள். அது பொய். 1972ஆம் ஆண்டுச் சட்டம் வந்ததிலிருந்தே ஐந்து வருடத் தொடர் பணி முடித்தவருக்கு ராஜினாமாவோ, ஓய்வோ, நீக்கமோ, எப்படிப் போனாலும் கிராஜுவிட்டி உண்டு, 30 நாளுக்குள் தரவேண்டும். நிறுவனச் சொத்துக்குச் சேதம் விளைவித்தது, வன்முறை போன்ற குற்றங்களுக்காக நீக்கப்பட்டால் மட்டும்தான் அதைப் பிடித்துவைக்க இடமிருக்கிறது. மேலே சொன்ன ஆளுக்கு அது மட்டுமே இரண்டு லட்சத்தைத் தாண்டும்.

சம்பளம் எப்போது தரவேண்டும் என்பதில் சட்டத்துக்கு என்றைக்குமே சந்தேகம் இருந்ததில்லை. ஊதியம் வழங்கல் சட்டம் 1936ஆம் ஆண்டில் வந்தது. தொழிலாளர் பற்றி விசாரித்த ராயல் கமிஷன், முதலாளிகள் அபராதம் போட்டே கூலியைத் தின்கிறார்கள், சேர்ந்தாற்போல் மாதக்கணக்கில் இழுத்தடிக்கிறார்கள் என்று கண்டதன் விளைவு அது. ஆயிரம் பேருக்குக் குறைவாக வேலை செய்கிற இடத்தில் மறுமாதம் ஏழாம் தேதிக்குள், அதற்கு மேல் என்றால் பத்தாம் தேதிக்குள் என்றது. "கம்பெனி நஷ்டத்தில் இருந்தால் தள்ளிப்போடலாம்" என்று அதில் எங்கேயும் இல்லை. அந்தச் சட்டத்துக்கு ஒரு பெரிய குறை இருந்தது. மாதச் சம்பளம் குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் அது உதவாது. 2017இல் உயர்த்திய வரம்பே 24,000 ரூபாய்தான். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பில் அந்த வரம்பு இல்லை. மாதச் சம்பளக்காரர் எல்லோருக்கும் ஏழாம் தேதி. வேலையை விட்டால், அது நீக்கமாக இருந்தாலும் ராஜினாமாவாக இருந்தாலும், இரண்டு வேலை நாளுக்குள் பாக்கியைத் தரவேண்டும். கோரிக்கை மனு போட மூன்று வருடம் அவகாசம். பாக்கியோடு அதைப்போலப் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்க அதிகாரிக்கு உரிமை இருக்கிறது. சம்பளம் கொடுத்தாயிற்று என்று நிரூபிக்கிற சுமை முதலாளியின் தலையில். பத்து மடங்கை யாரும் முழுசாக விதித்து நான் பார்த்ததில்லை. ஆனால் எதிர்த்தரப்பு வக்கீலிடம் பேசும்போது அந்த எண்ணைச் சொல்வதற்கு ஒரு பலன் இருக்கத்தான் செய்கிறது.

ஆக, செய்த வேலைக்குச் சம்பளம் ஒரு விஷயம். வேலையில் தொடர்வதா விடுவதா என்பது வேறு விஷயம். இரண்டையும் ஒரே மேசையில் வைப்பதில்தான் சூழ்ச்சி இருக்கிறது. என்னிடம் வருகிறவர்களிடம் நான் செய்கிற முதல் வேலை அந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவதுதான்.

அடுத்தது, வேலைக்குப் போவதை நிறுத்தாமல் பார்த்துக்கொள்வது. சம்பளம் வராத கோபத்தில் பலரும் நின்றுவிடுகிறார்கள். நியாயமான கோபம், ஆனால் எதிர்த்தரப்புக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது. தொழிலாளர் நீதிமன்றத்தில் நான் படித்த பதிலுரைகளில் பாதிக்கு மேல் ஒரே பல்லவிதான்: "மனுதாரரை நாங்கள் நீக்கவில்லை, அவரே பணிக்கு வராமல் நின்றுவிட்டார்." அதை உடைக்க ஒரே வழி, வந்தேன் என்பதற்கு அன்றைய தேதியில் ஒரு சாட்சியம். நான் ஜூனியராக இருந்த காலத்தில் அதற்குத் தந்திதான். கேட்டில் நிறுத்திவிட்டார்கள் என்றால் நேரே தந்தி ஆபீஸுக்குப் போகச் சொல்வோம். "இன்று காலை பணிக்கு வந்தேன், அனுமதி மறுக்கப்பட்டது" என்று நாலே சொல்லில் அடித்துவிட்டு ரசீதை வாங்கி வருவார்கள். தந்தியில் தேதியும் நேரமும் இருக்கும், யாராலும் மறுக்க முடியாது. 2013 ஜூலையில் தந்தியை நிறுத்தினார்கள். பதிவுத் தபாலும் 2025 செப்டம்பரோடு ஸ்பீடு போஸ்ட்டில் கலந்துவிட்டது. இப்போது கேட்டுக்கு வெளியே நின்றபடியே மின்னஞ்சல் அனுப்பச் சொல்கிறேன், சொந்த ஐ.டி.யிலிருந்து. ஆபீஸ் ஐ.டி.யிலிருந்து அனுப்பினால் சாயங்காலத்துக்குள் அதை முடக்கிவிடுவார்கள், ஆதாரமும் அதோடு போய்விடும்.

அந்த அறைக்குள் மாட்டிக்கொண்டவர் என்ன செய்வது? "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்று எழுந்து வருவதுதான் சிறந்தது. அதற்குத் தைரியம் வேண்டும், அதைவிட வீட்டில் அரிசி வேண்டும். இல்லாதவரை நான் குறை சொல்லமாட்டேன். வேறு வழியே இல்லை என்றால், கையெழுத்துக்கு மேலேயே "சம்பள பாக்கி தரமாட்டோம் என்றதால் எதிர்ப்புடன் கையெழுத்திடுகிறேன்" என்று சொந்தக் கையால் எழுதச் சொல்வேன். எழுத விடமாட்டார்கள். அப்படியானால் வெளியே வந்த அன்றைக்கே, கட்டாயம் அன்றைக்கே, நடந்ததை விவரித்து ராஜினாமாவைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதி அனுப்பிவிட வேண்டும். அறையில் பூட்டி வைத்திருந்தார்கள், ஃபோனைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்றால் காவல் நிலையத்திலும் ஒரு புகார். சம்பளத்தைப் பற்றி என்றால் "சிவில் மேட்டருப்பா, கோர்ட்டுக்குப் போ" என்று அனுப்பிவிடுவார்கள், தெரியும். எனக்கு வேண்டியது புகாரைப் பெற்றதற்கு அவர்கள் தரும் சி.எஸ்.ஆர். ரசீது. அதில் விழுகிற தேதிக்காகத்தான் அங்கே அனுப்புகிறேன்.

இந்த அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. மிரட்டி வாங்கிய ஒப்புதல் செல்லாது என்று வாதிட ஒப்பந்தச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் மிரட்டல் என்று சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். நீதிபதி முதலில் பார்ப்பது நாட்காட்டியை. கையெழுத்து எந்தத் தேதி, முதல் எதிர்ப்பு எந்தத் தேதி? ஆறு மாதம் சும்மா இருந்துவிட்டு, செட்டில்மெண்ட் பணத்தையும் வங்கியில் போட்டுவிட்டு, அப்புறம் வந்து மிரட்டினார்கள் என்றால் நம்புவது கஷ்டம்.

திரும்பப் பெறுவது வீண் வேலை என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை. வருங்காலத் தேதி போட்டுக் கொடுத்த ராஜினாமாவை அந்தத் தேதி வருவதற்கு முன் திரும்பப் பெறலாம் என்பது 1978இலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கில் ராஜினாமா செய்தவர் தொழிலாளி அல்ல, அலகாபாத் உயர் நீதிமன்றத்து நீதிபதி! ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து என்று எழுதிக்கொடுத்துவிட்டு ஜூலையில் மனம் மாறினார். செல்லும் என்றது நீதிமன்றம். நோட்டீஸ் காலம் என்று ஒன்று இருக்கிற தனியார் வேலையிலும் இந்த வாதம் கைகொடுக்கும். அதனால்தான் தயாராக வைத்திருக்கிற கடிதங்களில் "உடனடியாக அமலுக்கு வரும் வகையில்" என்ற வரி தவறாமல் இருக்கும், அதே நாள் தேதியிட்ட ஏற்புக் கடிதமும் கூடவே இருக்கும். பிற்பாடு வந்த இன்னொரு தீர்ப்பும் அலகாபாத்திலிருந்து போன வழக்குதான். தற்காலிக நீக்கத்தில் வைக்கப்பட்ட ஒரு மயக்க மருந்து மருத்துவர், தன் விளக்கத்தை ஏற்காவிட்டால் ராஜினாமா செய்வதைத் தவிர வழியில்லை என்ற பொருளில் எழுதினார். மருத்துவமனை அதையே ராஜினாமா என்று எடுத்துக்கொண்டது. அது ராஜினாமா ஆகாது, விலகவேண்டும் என்ற தெளிவான எண்ணம் கடிதத்தில் இருக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது. கோபத்தில் வாட்ஸ்அப்பில் "நான் வேலையை விட்டுர்றேன்" என்று அனுப்பிவிட்டு வருகிற இளைஞர்களுக்கு இந்தத் தீர்ப்பைச் சொல்லித் தேற்றியிருக்கிறேன்.

சாட்சியம் சேர்ப்பது என் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அம்பத்தூர் பக்கத்துத் தொழிற்கூடம் ஒன்றின் வழக்கில், ஒரே வாரத்தில் பல மெஷினிஸ்டுகள் தாங்களாகவே விலகிவிட்டதாகக் கடிதங்கள் தாக்கலாயின. கடிதம் முழுவதும் நல்ல ஆங்கிலம். கீழே கையெழுத்து தமிழில், சிலருடையது எழுத்துக் கூட்டிப் போட்டது. பணியாளர் துறை அதிகாரி சாட்சிக் கூண்டில் ஏறியபோது, இந்தக் கடிதங்களை யார் எழுதியது என்று கேட்டேன். "அவங்களே" என்றார். எல்லாக் கடிதத்திலும் ஒரே சொல்லில் ஒரே எழுத்துப்பிழை இருப்பதைக் காட்டி, எல்லோரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்களா என்று கேட்டேன். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து ஆட்சேபித்தார். அந்தக் கேள்விக்குப் பதிலும் வரவில்லை, தேவைப்படவும் இல்லை.

எல்லா வழக்குக்கும் இப்படி ஒரு பிழை வாய்க்காது. ஆனால் பெரும்பாலும் நிறுவனத்தின் சொந்தக் கணக்கே அதற்கு எதிராகப் பேசும். சம்பளம் தராத மாதங்களுக்கும் வருமான வரி பிடித்ததாக 26ஏஎஸ் படிவத்தில் இருக்கும். தணிக்கைக்காகச் சம்பளம் செலவில் எழுதப்பட்டிருக்கும். அப்படியானால் கணக்கில் கொடுத்ததாகக் காட்டிய பணம் எங்கே? பி.எஃப். பாஸ்புக்கையும் அப்படியே பார்க்கவேண்டும். சம்பளத்தில் பிடித்தம் மட்டும் செய்துவிட்டுக் கட்டாமல் வைத்திருந்தால் அது பாக்கி விவகாரம் இல்லை, குற்றம். இந்த ஒரு வரியை நோட்டீஸில் சேர்த்த பிறகு அதுவரை ஃபோனையே எடுக்காத இயக்குநர்கள் தாங்களாகக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார்கள். வாட்ஸ்அப் செய்தி, மின்னஞ்சல் எல்லாவற்றையும் நீதிமன்றம் ஏற்கும். அதற்கான சான்றிதழ் இணைக்கவேண்டும், முன்பு சாட்சியச் சட்டம் 65பி, இப்போது 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தின் 63ஆவது பிரிவு. ஃபோனை மாற்றும்போது பழைய செய்திகளை அழித்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

யாருக்கு எந்தக் கதவு என்பது இன்னொரு தலைவலி. பழைய தொழிற்தகராறு சட்டத்தில் "தொழிலாளர்" என்ற வரையறைக்குள் வருகிறவர் மட்டும்தான், வேலை நீக்கத்தை எதிர்த்துத் தனி ஆளாகப் போடுகிற 2ஏ மனுவைப் போட முடிந்தது. பதவியின் பெயர் முக்கியமில்லை, செய்கிற வேலைதான் முக்கியம். கார்டில் "அசிஸ்டெண்ட் மேனேஜர்" என்று அச்சடித்துக்கொடுத்துவிட்டு நாள் முழுக்க எக்ஸெலில் பதிவு போடவைத்தால் அவர் மேனேஜர் ஆகிவிடமாட்டார். ஐ.டி. ஊழியர்களுக்கு இந்தச் சட்டமே பொருந்தாது என்று வெகுகாலம் ஒரு நம்பிக்கை இருந்தது. விலக்கு எதுவும் இல்லை என்று 2016இல் தமிழக அரசு தெளிவுபடுத்தியது. பழைய மகாபலிபுரம் சாலையிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். ஆசிரியர்கள் நிலை வேறு. அவர்கள் தொழிலாளர் வரையறைக்குள் வரமாட்டார்கள் என்று 1988இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாதக்கணக்கில் சம்பளம் தராமல், அசல் சான்றிதழ்களையும் பீரோவில் பூட்டி வைத்துக்கொண்டு, ராஜினாமா எழுதிக் கொடுத்தால் சான்றிதழ் தருகிறோம் என்கிற தனியார் பொறியியல் கல்லூரிகளைப் பற்றி எவ்வளவோ கேட்டிருக்கிறேன். அவர்களிடம் சிக்கிய விரிவுரையாளருக்கு முன்பு சிவில் வழக்குதான் கதி. ஊதியத் தொகுப்பில் வரம்பு நீங்கியது இவர்களுக்குத்தான் பெரிய திறப்பு என்று நினைக்கிறேன்.

நடுவில் திவால் சட்டம் ஒரு கதவைத் திறந்தது. சம்பள பாக்கியும் கடன்தான், ஒரு லட்சம் இருந்தால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்று இருந்தது. டிமாண்டு நோட்டீஸ் அனுப்பினாலே பணம் வந்த காலம் அது. 2020 மார்ச்சில் அந்த வரம்பை ஒரு கோடியாக்கினார்கள். தனி ஆளுக்கு அந்தக் கதவு அதோடு சாத்திக்கொண்டது.

கால அவகாசத்தையும் சொல்லிவிடுகிறேன். வேலை போன நாளிலிருந்து மூன்று வருடம் என்று பழைய சட்டத்தில் இருந்ததைப் புதிய தொழில் உறவுகள் தொகுப்பு இரண்டாகக் குறைத்திருக்கிறது. முதலில் சமரச அலுவலரிடம் மனு, 45 நாள் கழித்து நேரே தொழில் தீர்ப்பாயம். அலுவலகங்களும் படிவங்களும் புதியதற்கு மாறிக்கொண்டிருக்கிற நேரம் இது, அதைச் சாக்காக வைத்து யாராவது திருப்பி அனுப்பினால் மனுவைத் தபாலிலாவது அனுப்பித் தேதியைப் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் சமரசப் பேச்சுக்காக உட்கார்ந்த பெஞ்சுகளில்தான் என் தொழிலின் பெரும்பகுதி கழிந்திருக்கிறது. நீதிமன்றத்தில் ஜெயிப்பதைவிட இங்கே முடிப்பதையே நான் அதிகம் விரும்புகிறேன். இளம் வக்கீல்கள் சிலருக்கு இது பிடிப்பதில்லை. போராடாமல் விட்டுவிட்டதாக நினைக்கிறார்கள். மிரட்டி வாங்கிய ராஜினாமா என்று தீர்ப்பு வாங்கி, உயர் நீதிமன்றத்தில் அதைக் காப்பாற்றி, பணத்தை வசூலிக்கப் போகும்போது நிறுவனத்தின் பெயர்ப்பலகையே மாறியிருக்கும். ஆட்சியர் மூலம் வருவாய் வசூல் போல வசூலிக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. வசூலிக்க ஏதாவது மிச்சமிருந்தால்தானே?

அதனால் சமரசத்தில் சில விஷயங்களில் மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டேன். பணம் டி.டி.யாக வரவேண்டும், ஒப்பந்தத்தில் கையெழுத்தாகிற அதே நிமிடம் கைக்கு வரவேண்டும். ராஜினாமாவை வாங்கிக்கொண்டு கொடுத்த செக் வங்கியிலிருந்து திரும்பி வந்த கேஸ்களை நிறையப் பார்த்தாயிற்று. அப்படித் திரும்பினால் 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பவேண்டும் என்பது தெரியாமல் "அடுத்த மாசம் திரும்பப் போடச் சொன்னாங்க சார்" என்று காலம் கடந்தபின் வருவார்கள். விடுவிப்புக் கடிதமும் அனுபவச் சான்றும் அன்றைக்கே வேண்டும். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரியில் கிராஜுவிட்டியும் பி.எஃப்.பும் நீங்கலாக என்று சேர்க்கவேண்டும்.

போன வருடம் ஒரு கணக்கர் அம்மா. நான்கு மாத பாக்கி. அறைக்குள் கூப்பிட்டபோது செக்கையும் கடிதத்தையும் ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு, "எங்க வீட்டுக்காரர்கிட்ட காட்டிட்டுக் கையெழுத்துப் போடறேன் சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார். அந்தப் படத்தை இணைத்து ஒரு நோட்டீஸ் அனுப்பினோம். பாக்கி முழுவதும் வங்கிக் கணக்கில் வந்தது, ராஜினாமா இல்லாமலே. அதற்கப்புறம் இரண்டு மாதம் வேலை பார்த்துவிட்டு, வேறு இடத்தில் வேலை கிடைத்து, அவரே தன் கையால் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். நோட்டீஸ் காலத்துச் சம்பளத்தில் ஆறு நாள் குறைத்துவிட்டார்களாம். அதற்கும் ஒரு மனுப் போடலாமா என்று கேட்டு மறுபடி வந்திருந்தார். போட்டிருக்கிறோம்.